சங்கரன்கோவில் சாலையில் இறக்கி வைத்த பெட்டி

அந்தக் கோடை விடுமுறையில் கன்னியாகுமரிக்குப் போக எனக்கு விருப்பமே இல்லை. அக்காதான் பிடிவாதமாக இருந்தாள்.

அக்கா சிவகாசியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அத்தான் அங்கேயே தலைமை ஆசிரியர். எங்கள் அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே போய்விட்டதால் எனக்குப் பெற்றவர்கள் இடத்தில் அவர்கள்தான் இருந்தார்கள். நான் விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அறுபதுகளின் தொடக்கம் அது. என்னைத் தீக்காய வார்டில் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அந்த ஒரு வருஷத்தில் நான் வேறு மாதிரி ஆகிவிட்டேன். யாராவது தீக்குச்சி உரசினால் என் கை தானாக முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகும். அக்கா வீட்டுக்கு வந்தால் அடுப்பை அணைத்த பிறகும் இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துகொள்வேன். அக்கா இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"ஏட்டி, நீ இப்படியே இருந்தா உன்னையே ஒரு கட்டில்ல படுக்க வைக்க வேண்டியதுதான். நாலு நாள் கடலைப் பாத்துட்டு வருவோம்" என்றாள்.

போவதற்கு வண்டியும் கிடைத்தது. ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளியின் பிள்ளைகள் அத்தானிடம் படித்தார்கள். அந்தக் கம்பெனியின் கார் தீபாவளி ஆர்டர் பிடிப்பதற்காக நாகர்கோவில் வரைக்கும் போகிறது, ஆர்டர் பிடிக்கிறவர் ஒருவர் மட்டும்தான் அதில் போகிறார், சார் குடும்பமும் கூடப் போய்வரட்டும் என்று முதலாளியே சொல்லி அனுப்பியிருந்தார். அத்தானுக்குப் பெரிய சந்தோஷம். பட்டாசுக் கம்பெனி என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குப் போகவே வேண்டாம் என்றிருந்தது. ஆனால் ஏறிப்போவது கார்தானே, கம்பெனிக்குள்ளேயா போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

விடிந்ததும் கறுப்புக் கார் வாசலில் வந்து நின்றது. இறங்கியவருக்கு என் வயதுதான் இருக்கும். நல்ல கறுப்பு, வெள்ளைச் சட்டை, முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்ட கை. வந்ததும் வராததுமாக எங்கள் மூட்டைகளை எடுத்து, டிக்கியில் இடம் இல்லை என்று சொல்லிக் காரின் மேலே வைத்துக் கட்டினார். "சார், நீங்க முன்னால வாங்க. டீச்சரும் நர்சம்மாவும் பின்னால வசதியா உக்காருங்க. காத்து நல்லா வரும்" என்றார். டிக்கியில் ஏன் இடம் இல்லை என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவர் பேசிக்கொண்டே ஓட்டினார். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை ஜன்னலுக்கு வெளியே. ஆட்டு மந்தை வந்தாலும் வேகம் குறையாது. ஹார்ன் அடித்துக்கொண்டே நுழைந்து வெளியே வந்துவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டுவதற்குள் அவர் கதை முழுவதும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்தவர், இப்போது இல்லை. மழை பொய்த்த வருஷம் குடும்பத்தோடு பட்டாசு வேலைக்கு வந்தார்கள். எட்டாவதோடு படிப்பு நின்றது. பிறகு எப்படியோ கார் ஓட்டப் படித்து, ஓட்டிப்போன இடங்களில் வியாபாரிகளிடம் பேசிப் பேசி, அவரையே ஆர்டர் பிடிக்கவும் அனுப்பிவிட்டார் முதலாளி.

"எட்டாவதோட நிறுத்திட்டியேப்பா" என்றார் அத்தான்.

"நானா நிறுத்துனேன்? அது நின்னு போச்சு சார்" என்று சிரித்தார்.

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. இவ்வளவு சிரிக்கிற மனிதரிடம் எங்கள் மூன்று பேர் உயிர் இருக்கிறதே என்றுதான் இருந்தது. முன் சீட்டின் முதுகைப் பிடித்த என் கையை நான் ராஜபாளையம் வரைக்கும் எடுக்கவில்லை.

ராஜபாளையம் தாண்டி, சங்கரன்கோவில் போகிற சாலையில் வெயில் ஏறியது. இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. காரின் முன்னாலிருந்து ஆவி வந்தது. அவர் ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்தினார். "ஒண்ணும் இல்ல, தண்ணி கேக்குது" என்று இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து தண்ணீர் டின்னை எடுத்தார். கால் மரத்துப்போனதால் நானும் இறங்கிப் பின்பக்கம் நடந்தேன்.

முதலில் வாசனைதான் வந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த வாசனை. வார்டில் உடம்போடு ஒட்டிப்போன சட்டையைக் கத்தரித்து எடுக்கும்போது, கருகல் நாற்றத்துக்கு அடியில் இன்னொரு வாசனை இருக்கும். கந்தகமும் வெடியுப்பும் கலந்தது. டிக்கிக்குள் ஒரு பெரிய பெட்டி, அதன் மேல் ஈரச் சாக்கு. சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். சரம் சரமாக வெடி, புஸ்வாணம், சங்குசக்கரம், எல்லாவற்றின் மேலும் கிளிப்படம் போட்ட லேபிள். அந்தப் பெட்டிக்கும் நான் இவ்வளவு நேரம் சாய்ந்துகொண்டு வந்த சீட்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைதான் இருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"சாம்பிள் நர்சம்மா. கடைக்காரங்களுக்குக் காட்டணும்ல? அது ஒண்ணும் செய்யாது. சாக்கை நனைச்சுப் போட்டுத்தான் வச்சிருக்கேன்."

"ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னவங்களுக்குத்தான் நான் தினமும் கட்டுப் போடுறேன்."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போனது. அத்தான் இறங்கி வந்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்கும் கொஞ்சம் பயம்தான். ஆனால் முதலாளியின் கார், அவராகக் கொடுத்த மரியாதை என்றெல்லாம் யோசித்துவிட்டு, "இவ்வளவு தூரம் வந்தாச்சு. கர்த்தர் பாத்துக்கொள்வார், ஏறும்மா" என்றார்.

நான் ஏறவில்லை. வேப்ப மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டேன். அக்கா கெஞ்சினாள், பிறகு திட்டினாள். "நடு ரோட்டுல மானத்தை வாங்காதட்டி!" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் மூன்று பேரும் போங்கள், நான் பஸ் வந்தால் ஊருக்குத் திரும்பிக்கொள்கிறேன் என்றேன். அந்தச் சாலையில் எப்போது பஸ் வரும் என்று எனக்குத் தெரியாது. பெட்டி இருக்கிற காரில் ஏற மாட்டேன் என்பது மட்டும்தான் தெரிந்தது.

அவர் யாரோடும் வாதாடவில்லை. சாலையில் வைக்கோல் இறக்கிவிட்டு வெறுமனே வந்த ஒரு மாட்டு வண்டியை நிறுத்தி வண்டிக்காரரிடம் ஏதோ பேசினார். பெட்டியை இறக்கி, சாக்கை மறுபடி நனைத்துச் சுற்றி, வண்டியில் ஏற்றினார். "சங்கரன்கோவில்ல நம்ம கடைக்காரர் ஒருத்தர் இருக்காரு. அவர்ட்ட குடுத்துட்டு வந்துருதேன். நீங்க நெழல்ல இருங்க" என்று சொல்லிவிட்டு, தானும் ஏறிப் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அவர் போன பிறகு எனக்கு வேறு பயம் பிடித்தது. அந்தப் பெட்டியோடு அவர் தனியாகப் போகிறார். என் பயத்தைத் தூக்கி அவர் பக்கத்தில் வைத்தாயிற்று. வண்டிக்காரர் பீடி பற்றவைத்தால்? வெயில் உச்சிக்கு வந்தது. அத்தான் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். "அவன் திரும்பி வரலைன்னா நம்மள்ல யாரு காரை ஓட்டுறது?" என்று அக்கா கேட்டாள். தூரத்தில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். காக்கை கத்தினால்கூட உடம்பு தூக்கிப்போட்டது.

வெயில் சாயத் தொடங்கியபோது அவர் நடந்தே வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. கையில் பனை ஓலையில் கட்டிய நுங்கு. அதை நேராக என்னிடம் கொண்டுவந்து நீட்டி, "மொதல்ல நர்சம்மா சாப்பிடுங்க. மொகமெல்லாம் வெளிறிப் போயிருக்கு" என்றார். அப்போதுதான் அவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் சுருங்கி, இரண்டு விரல்கள் முழுதாக நிமிரவில்லை. எப்போதோ தீப்பட்டு, சரியாகக் கட்டுப் போடாமல் ஆறிய கை. அந்தக் கை ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல்தான் ஜன்னலுக்கு வெளியே கிடந்தது என்பது எனக்குப் புரிந்தது.

"சாம்பிள் இல்லாம எப்படி ஆர்டர் பிடிப்ப?" என்று அத்தான் கேட்டார்.

"வாய் இருக்கே சார்" என்றார்.

எப்படி என்று திருநெல்வேலியில் பார்த்தேன். கடைக்கு எதிரே காரை நிறுத்திவிட்டுப் போனார். நாங்கள் காருக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கடை முதலாளி கல்லாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இவர் அவர் முன்னால் குனிந்து, தரையில் எதையோ வைப்பதுபோல் வைத்து, பற்றவைத்து, பின்னால் நகர்ந்தார். பிறகு இரண்டு கையையும் மெல்ல மெல்ல உயர்த்தி, விரல்களை விரிகிற அளவுக்கு விரித்து உதறினார். வாயால் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அது எங்களுக்கே கேட்டது. அடுத்து ஒற்றைக் காலில் சுற்றி சங்குசக்கரம். கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் கூடிவிட்டார்கள். கடை முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று யோசித்திருப்பாள். அப்புறம் வேறு எதையோ யோசித்தாள் போலிருக்கிறது, முகம் மாறியது.

கன்னியாகுமரியில் அத்தானுக்குத் தெரிந்த ஒரு பாதிரியார் வீட்டில் தங்கினோம். கார் ஓட்டி வந்தவர் காரிலேயே படுத்துக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் அக்காவும் அத்தானும் சங்கு விற்கிறவர்களிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, நான் பாறை ஓரத்தில் நின்றிருந்தேன். அவர் கொஞ்சம் தள்ளி வந்து நின்றார்.

"எதுக்கு நர்சம்மா அம்புட்டுப் பயம்?"

வேறு யார் கேட்டிருந்தாலும் ஒன்றுமில்லை என்றிருப்பேன். அவரிடம் சொன்னேன். வார்டில் ஒரு பெண் பிள்ளை இருந்தது. முடி மறுபடி முளைக்குமா என்று தினமும் என்னைக் கேட்கும். முளைக்கும் என்று தினமும் சொன்னேன். ஒருநாள் காலையில் போனபோது அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். அதிலிருந்து யாரைப் பார்த்தாலும் இவர்களை எப்போது தூக்கிக்கொண்டு வருவார்களோ என்றுதான் தோன்றுகிறது என்றேன்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே, "எங்க ஆத்தா, தங்கச்சி ரெண்டு பேரும் பட்டாசுக் கம்பெனியிலதான் வேலை பாக்காக. நானும் தெனமும் அதைத்தான் நெனைக்கேன். நெனைச்சுக்கிட்டே இருந்தா கிறுக்குப் பிடிச்சிரும்னு பேசிக்கிட்டே இருக்கேன்" என்றார்.

அந்த ஒரு நொடியில் அவருடைய பேச்சும் சிரிப்பும் வேகமும் எனக்கு வேறாகத் தெரிந்தன. இரண்டு பேருக்கும் ஒரே பயம். நான் வாயை மூடிக்கொண்டேன், அவர் திறந்துகொண்டார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது அத்தான் என்னை மூலையில் உட்கார வைத்து, அக்காவை ஓட்டுகிறவருக்குப் பின்னால் உட்கார வைத்தார். கார் மெதுவாகத்தான் போனது. ஆடுகள் வந்தால் நின்று, அவை கடந்த பிறகு கிளம்பியது. எனக்காகத்தான் என்று தெரிந்தது. தெரிந்ததும் இன்னும் பயமாக இருந்தது. அவர் வேறு மதம், வேறு சாதி. நான் படித்த படிப்பு வேறு. அக்காவின் கைகள் மடியில் இறுகியிருந்தன.

வீட்டு வாசலில் மூட்டைகளை இறக்கும்போது, அக்காவும் அத்தானும் உள்ளே போன நேரம் பார்த்து அவர் கேட்டார். "விருதுநகர்ப் பக்கம் வந்தா ஆஸ்பத்திரியில வந்து பாக்கலாமா?"

எனக்கு அந்த நேரத்தில் வார்டின் வாசல்தான் கண்ணில் வந்தது. "ஆஸ்பத்திரிக்கு நீங்க வரவே கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். "சரிங்க" என்று சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் வேண்டிக்கொள்வதுபோல் சொன்னதை அவர் மறுப்பாக எடுத்துக்கொண்டார் என்பது கார் தெருவைத் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதை எப்படித் திருத்துவது? யாரிடம் சொல்லி அனுப்புவது? தீபாவளிப் பட்டாசு சீசன் சூடு பிடித்தது. சிவகாசியிலிருந்து ஆமத்தூர் வழியாக வண்டிகள் வர வர, வார்டில் இடம் போதவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் காயத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்தைப் பார்த்தேன். அவர் இல்லை என்று தெரிந்த பிறகுதான் என் கை வேலை செய்யும். முகம் அடையாளம் தெரியாமல் வருகிறவர்கள் என்றால் உள்ளங்கையைப் பிரித்துப் பார்ப்பேன்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரி வாசலில் ஹார்ன் விடாமல் அடித்தது. ஓடினேன். அந்தக் கறுப்புக் கார். கதவு திறந்திருந்தது, பின் சீட்டில் இரண்டு பெண்கள் சாய்ந்து கிடந்தார்கள். ஓட்டுகிற இடத்தில் யாரும் இல்லை. காரின் மறுபக்கத்திலிருந்து அவர் ஒரு ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் கரி. என்னைப் பார்த்ததும் நின்றார்.

"வரக்கூடாதுன்னு சொன்னீக. வேற வழியில்ல" என்றார்.

"நீங்க அடிபட்டு வரக்கூடாதுன்னுதான் சொன்னேன்!" என்று நான் கத்திவிட்டேன். வார்டு ஆயா, டாக்டர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாருக்கும் பேச நேரமில்லை. அவர் தூக்கி வந்த மூன்று பேரும் பிழைத்தார்கள். பொழுது சாய்கிற வரை அவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து நான் வெளியே வந்து, அவர் கையைக் காட்டச் சொல்லி, புதிதாக ஏதாவது பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அந்தக் கையை விடவில்லை.

அதற்குப் பிறகு அவர் வந்துபோனார். வார்டில் கிடந்தவர்களைப் பார்க்க வருகிறேன் என்று முதலில் ஒரு காரணம் இருந்தது. அவர்கள் வீடு போன பிறகு காரணமும் போய்விட்டது.

"பட்டாசு வேலையை விட்டுடுங்க. நாளைக்கே கல்யாணம் பண்ணிக்கலாம்" என்று நான்தான் முதலில் சொன்னேன்.

"நான் விட்டுருவேன். ஆத்தாவும் தங்கச்சியும் அங்கன இருக்கையில நான் மட்டும் வெளிய வந்து என்ன செய்ய? தங்கச்சிக்கு ஒரு வழி பண்ணிட்டு மூணு பேரும் சேந்து வாரோம். அம்புட்டு நாள் பொறுப்பீகளா?"

பொறுப்பேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தனியாக இருந்தாலும் அந்தப் பயம் என்னை விடப்போவதில்லை. அவர் பக்கத்தில் இருந்தால் சாயங்காலம் வீடு திரும்பும்போதாவது அது நின்று மூச்சு விடும். "பொறுக்க வேண்டாம். இப்பவே பண்ணிக்குவோம்" என்றேன்.

அத்தான் அவரைக் கூப்பிட்டு, கிறிஸ்தவனாக மாறி வேதத்துக்கு வருவாயா என்று கேட்டார். "இவுகளுக்காக வாரேன்னு சொன்னா அது பொய்யா இருக்கும் சார்" என்றார் அவர். அதோடு அத்தான் எழுந்து உள்ளே போய்விட்டார். பதிவுத் திருமணம்தான் வழி. அதற்கு எங்கள் இரண்டு பேர் பெயரையும் ரிஜிஸ்தர் ஆபீஸ் பலகையில் ஒரு மாதம் ஒட்டி வைத்தார்கள். அந்த ஒரு மாதம் நான் அந்தத் தெரு வழியாகப் போகவில்லை. யார் படித்துவிட்டு என்ன சொல்வார்களோ, யாராவது வந்து ஆட்சேபம் எழுதிக் கொடுப்பார்களோ என்று ஒவ்வொரு நாளும் விடிந்தது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கல்யாணத்தன்று எங்கள் வீட்டிலிருந்து அக்கா மட்டும் வந்தாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டு, என் தலையில் கை வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். அத்தான் எங்கள் வீட்டுக்கு வர மூன்று வருஷம் ஆயிற்று. வந்தபோது பையில் எங்கள் மகளுக்கு ஒரு கவுன் வைத்திருந்தார்.

விருதுநகரில் ஒரு சின்ன வாடகை வீடு பார்த்தோம். முதல் வாரம் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து நேராகப் பஸ் பிடித்து வந்த அவருடைய அம்மா வாசலுக்கு வெளியிலேயே நின்றார். தலை, கழுத்து, கை எல்லாம் வெள்ளி பூசினதுபோல் பட்டாசு மருந்துத் தூள் மின்னியது.

"உள்ள வாங்கத்தே" என்றேன்.

"இருக்கட்டும்மா. மேலெல்லாம் மருந்து. நீ பயப்படுவேன்னு அவன் சொன்னான்."

நான் வாளியில் தண்ணீர் எடுத்து வந்து, அந்தக் கைகளைப் பிடித்துத் தேய்த்துக் கழுவினேன். நக இடுக்கில் இருந்தது மட்டும் போகவே இல்லை. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்து, ஓடிப்போய் அணைத்தேன். திரும்பி வந்து மறுபடி கழுவினேன். அத்தை சிரித்தார். "நல்ல புள்ளதான் போ" என்று சொல்லிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார்.

அவர் தங்கைக்குக் கல்யாணம் முடிய மூன்று சீசன் ஆயிற்று. அந்த மூன்று சீசனும் நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் பிறகு அவர் காலண்டர் அச்சடிக்கிற கம்பெனிக்கு ஆர்டர் பிடிக்கப் போனார், அத்தை எங்களோடு வந்து இருந்தார். அடுத்த கோடையில் நாங்கள் எல்லோரும் மறுபடி கன்னியாகுமரிக்குப் போனோம், பஸ்ஸில்.